எஞ்சி நின்ற நண்பர்

மனைவிக்குச் சட்டத்தில் இடமுண்டு, மைந்தனுக்கு உண்டு, உடன்பிறந்தானுக்கும், முகமறியாத தாயாதிக்கும்கூட உண்டு. நண்பனுக்கு மட்டும் இல்லை. சிறைவாயிலில் வந்து நின்று, உள்ளிருப்பவன் என் நண்பன் என்று சொல்பவனைப் பார்த்து, உறவுமுறை யாது என்றே காவலர் கேட்பர். நட்பு என்பது எந்தப் பத்திரத்திலும் பதிவாவதில்லை. அதனை மெய்ப்பிக்கச் சாட்சியும் கிடையாது. நியாயஸ்தலங்களில் பல்லாண்டு உழன்ற நாம் இதனை நன்கறிவோம்.

1944-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் இவ்விஷயத்தைக் குறித்தே இரு ஜெர்மானியப் பாதிரிமார் கடிதம் எழுதிக்கொண்டனர். ஒருவர் பெர்லின் மாநகரின் டேகல் சிறையில் இருந்தவர். மற்றவர் படையில் சேர்க்கப்பட்டு, இத்தாலிப் போர்முனைக்கு அனுப்பப்பட்டவர். விவாகத்துக்கும் உடன்பிறப்புக்கும் உள்ள கட்டாயம் நட்புக்கு இல்லையே, எத்துணை நெருக்கமாயினும் அது தன் உள்ளிருப்பு ஒன்றைக்கொண்டே தன்னைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று படைவீரர் குறைப்பட்டு எழுதினார். குடும்பம், தொழில், அரசு, சபை ஆகிய நான்கும் கடவுளின் கட்டளைக்கு உட்பட்டவை. நட்போ சுதந்திரத்தின் எல்லைக்குள் பிறப்பது. ஆதலால் அதனை வேறெந்த அளவுகோலாலும் அளத்தல் கூடாது என்ற கருத்தில் சிறையிலிருந்தவர் விடை எழுதினார். சிறைச்சுவருக்குள் இருந்தவர் சுதந்திரத்தைப் பற்றி எழுதினார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

சிறையிலிருந்தவர் டீட்ரிக் போன்ஹோபர். அவர் பெயரை உலகம் அறியும். அவ்வாறு அறியச் செய்தவர் மற்றவராகிய எபர்ஹார்ட் பெத்கே. தொண்ணூறு வயது வரை வாழ்ந்து, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் நட்பையும் இழப்பையும் விசுவாசத்தையும் தம் நாட்டையும் பற்றியே சிந்தித்துக்கொண்டிருந்த இந்தப் பாதிரியாரைக் குறித்து இன்று எழுதப் புகுந்தோம்.

பெத்கே 1909-ம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி வார்க்கௌ என்னும் கிராமத்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். வளர்ந்தது ஸிட்ஸ் என்னும் மற்றொரு சிற்றூரில். முதுமையில், 1989-ல், தம் முதல் நாற்பது ஆண்டுகளின் நினைவுகளை அவர் நூலாக வெளியிட்டபோது, அதற்கு இட்ட பெயர் ‘ஸிட்ஸில் யூதர் இருந்ததில்லை’ என்பதாகும். ஒரு முதியவர் தம் இளமைக்காலத்துக்கு இடும் பெயரா இது! ஆற்றையோ மணிக்கூண்டையோ அன்னையையோ அவர் தலைப்பில் வைக்கவில்லை. ஊரில் இல்லாதிருந்தவரையே வைத்தார். அந்தத் தலைப்பின் காரணம் பின்னர் விளங்கும்.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். அவ்வருஷமே ஜெர்மானியப் புரொட்டஸ்டண்டு சபைக்குள் ஒரு கூட்டம் கிளம்பி, யூத வமிசத்தில் வந்த குருமாரைச் சபைப்பணியிலிருந்து விலக்க வேண்டுமென்று கூக்குரலிட்டது. அதனை எதிர்த்தவர்கள் 1934 மே மாதத்தில் பார்மன் நகரில் கூடி, தங்கள் விசுவாசத்தை அறிக்கையிட்டுத் தனித்து நின்றனர். அறிக்கைச் சபை என்று அவர்களுக்குப் பெயர். விட்டன்பர்க் நகரில் குருப்பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த பெத்கே அவர்கள் பக்கம் சேர்ந்தார். பயிற்சிப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார். விட்டன்பர்க் என்பது மார்ட்டின் லூதர் வாழ்ந்து போதித்த ஊர். லூதரின் ஊரிலேயே மனச்சாட்சிக்கு இடமில்லாமற் போயிற்று.

இங்கே நம் நாட்டுக்கும் ஒரு தொடர்பு வருகிறது. அப்பொழுது லண்டனில் ஜெர்மானியச் சபைகளுக்குப் பாதிரியாராயிருந்த போன்ஹோபர், ஹிட்லரை எதிர்க்கும் வழியை மகாத்மாவிடம் கற்க விரும்பி 1934 அக்டோபரில் கடிதம் எழுதினார். நவம்பர் முதல் தேதியே காந்தியடிகளிடமிருந்து விடை புறப்பட்டது. வரலாம், தம்முடன் தங்கலாம் என்று அழைத்திருந்தார். ஆயினும் 1935 வசந்தத்தில் அறிக்கைச் சபையார் தங்களுடைய புதிய குருப்பயிற்சிப் பள்ளியை நடத்த அவரை அழைத்தனர். இந்தியப் பயணம் நின்றுபோயிற்று. பால்ட்டிக் கடலோரத்து ஸிங்ஸ்ட் என்ற இடத்தில் தொடங்கி, பின்னர் ஸ்டெட்டின் நகரை அடுத்த பிங்கன்வால்டேக்கு மாறிய அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்த மாணவர்களில் ஒருவர் பெத்கே. வார்தாவில் நம்மவர் ஒரு சீடரை இழந்த காரணமே, பால்ட்டிக் கரையில் இருவர் நண்பராகக் காரணமாயிற்று.

ஒருவர் பெர்லின் சர்வகலாசாலையில் மனோவைத்தியப் பேராசிரியரின் புதல்வர். மற்றவர் கிராமத்துப் பிள்ளை. ஒருவர் பியானோ வாசிப்பார், மற்றவர் பாடுவார். ஷூட்ஸ் என்னும் பழைய ஜெர்மானிய இசைப்புலவரை ஆசிரியருக்கு அறிமுகப்படுத்தியவர் மாணவரே. அப்பள்ளியில் ஒரு விதி இருந்தது: இல்லாத ஒருவரைப் பற்றி அவர் முதுகுக்குப் பின்னே பேசலாகாது, தவறிப் பேசிவிட்டால் அதனை அவரிடமே சென்று சொல்லிவிட வேண்டும். நம் கட்சிக் காரியாலயங்களில் இவ்விதியை ஒரு மாதம் அனுசரித்துப் பார்த்தால் எத்தனை பேர் வாய்திறக்க இயலும் என்று எண்ணிப் பார்க்கிறோம்! ஆசிரியர் தம் பாவங்களை அறிக்கையிட்டுச் சொல்வதற்குத் தேர்ந்துகொண்டவரும் தம்மினும் மூன்றாண்டு இளையவராகிய இந்த மாணவரே. 1937 செப்டம்பரில் கெஸ்டபோ என்னும் ரகசியப் போலீஸார் பள்ளிக்குப் பூட்டுப் போட்டனர். நட்புக்குப் பூட்டுப் போட அவர்களிடம் சாவி இல்லை.

1939 ஜூனில் போன்ஹோபர் அமெரிக்காவுக்குச் சென்றார். அங்கே அவருக்கு உத்தியோகம் காத்திருந்தது, உயிருக்கு அபாயமில்லை. ஜூலையிலேயே திரும்பிவிட்டார். தம் மக்களுடன் சேர்ந்து இந்தச் சோதனையை அனுபவியாதவனுக்குப் போருக்குப் பின் அந்நாட்டில் கிறிஸ்தவ வாழ்வைப் புதுப்பிக்கும் பணியில் பங்கு இராது என்பது அவர் துணிபு. தம் தேசத்தின் தோல்வியை விரும்பினாலன்றி நாகரிகம் பிழைக்காது என்பதையும் அவர் அறிந்திருந்தார். தேசபக்தியைப் பேச்சாலும் பேனாவாலும் வளர்க்கும் நம்போன்றோர் இவ்விடத்தில் சற்றே நிற்க வேண்டும். அந்நியனைத் தோற்கடிக்க விரும்புவது எளிது. தடியடியும் சிறையும் வந்தாலும் உள்ளம் பிளவுபடுவதில்லை. தன் தாய்நாடே தோற்க வேண்டும் என்று மண்டியிட்டுப் பிரார்த்திக்க, தாய்நாட்டை எவ்வளவு நேசித்திருக்க வேண்டும்!

அந்தப் பிளவை நேரில் கண்ட சாட்சி பெத்கே ஒருவரே. 1940 ஜூன் 17-ந் தேதி இருவரும் மேமல் என்னும் துறைமுக ஊரில், இன்று அது லித்துவேனியா நாட்டைச் சேர்ந்தது, ஒரு காப்பிக்கடைத் தோட்டத்தில் அமர்ந்திருந்தனர். பிரான்ஸ் பணிந்துவிட்டது என்று ஒலிபெருக்கி முழங்கிற்று. கூட்டம் நாற்காலிகளின்மேல் ஏறி, கையுயர்த்தி, ஹிட்லர் கட்சிப் பாட்டைப் பாடிற்று. திகைத்து நின்ற பெத்கே பக்கத்தில் பார்த்தார். போன்ஹோபரும் கையை நீட்டி நின்றுகொண்டிருந்தார்! நீயும் கையை உயர்த்து என்று காதோரம் அதட்டினார். இனி இதனினும் பெரிய காரியங்களுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கும், இந்த வணக்கத்துக்காக அதனை விரயம் செய்ய வேண்டாம் என்பதே பிற்பாடு அவர் சொன்னதன் கருத்து.

இச்செய்தியைப் பெத்கே மறைத்திருக்கலாம். ஒரு தியாகியின் சரித்திரத்தில் நாஜி வணக்கத்துக்கு இடமேது? ஆயினும் அவர் எழுதினார். பகிரங்கமாய் எதிர்த்த பாதிரியார் அன்றைய தினம் சதிகாரராக மாறினார் என்பதை நாம் அறிவது இந்த ஒரு சம்பவத்தால்தான். போன்ஹோபர் தம் தமக்கையின் கணவர் ஹன்ஸ் பான் டோனானியின் மூலமாக ராணுவ உளவு இலாகாவில் இடம்பெற்றார். ஹிட்லரை வீழ்த்தச் சூழ்ந்தவர்களின் கூடாரம் அது.

1943 ஏப்ரல் 5-ந் தேதி அவர் கைதானார். அடுத்த மாதம் 15-ந் தேதி பெத்கே, நண்பருடைய மற்றொரு தமக்கையின் மகள் ரெனாட்டே ஷ்லைகரை மணந்தார். மணவாழ்த்துப் பிரசங்கத்தைச் சிறையிலிருந்தே போன்ஹோபர் எழுதினார். அது மணநாளுக்குள் வந்து சேரவில்லை. மறுவருஷம் பிறந்த ஆண்குழந்தைக்கு டீட்ரிக் என்றே பெயரிட்டனர். நண்பராய் இருந்தவரைக்கும் சட்டம் ஏறெடுத்துப் பாராத பெத்கே இப்பொழுது உறவினராகிவிட்டார். ஆனால் கடிதங்கள் சென்றது உறவின் வழியே அன்று. இரக்கமுள்ள காவலர் சிலர், தணிக்கைக்கு அகப்படாமல், 1943 நவம்பர் முதற்கொண்டு அவற்றை வெளியே கடத்தினர். அந்தக் கடிதங்களை ரெனாட்டே விஷவாயு முகமூடி வைக்கும் தகர டப்பிகளில் அடைத்து வீட்டுத் தோட்டத்தில் புதைத்து வைத்தார்.

எல்லாக் கடிதங்களும் தோட்டத்தைச் சேரவில்லை. 1944 ஜூலை 20-ந் தேதி ஹிட்லர்மீது வெடித்த குண்டு குறி தவறிற்று, வேட்டை தொடங்கிற்று. செப்டம்பரில் எழுதப்பட்டு இத்தாலிக்கு வந்த கடைசிக் கடிதங்களைப் பெத்கே தம் கையாலேயே எரித்தார். அகப்பட்டிருந்தால் இருவர் கழுத்துக்கும் கயிறு. அக்டோபரில் அவரும் கைதாகி பெர்லினில் லேர்ட்டர் வீதிச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். மாமனார் ரூடிகர் ஷ்லைகரும், டீட்ரிக்கின் தமையன் கிளவுஸும் அங்கேயே இருந்தனர்.

முடிவைச் சுருக்கமாகச் சொல்கிறோம். 1945 ஏப்ரல் 9-ந் தேதி விடியலில் பிளாஸன்பர்க் முகாமில் போன்ஹோபர் தூக்கிலிடப்பட்டார், வயது 39. அமெரிக்கப் படை அம்முகாமை அடைந்தது இரண்டு வாரம் கழித்து. டோனானியும் அந்த மாதத்திலேயே கொல்லப்பட்டார். ஏப்ரல் 22 நள்ளிரவை ஒட்டி, கிளவுஸும் ரூடிகர் ஷ்லைகரும் சிறையினின்று வெளியே நடத்திச் செல்லப்பட்டுச் சுடப்பட்டனர். ருஷ்யப் படை நெருங்கிய 25-ந் தேதி பெத்கே விடுதலையானார். வயோதிகப் பெற்றோர் இரு புதல்வரையும் இரு மருமக்களையும் இழந்தனர். முன்னரே 1918-ல் ஒரு புதல்வரைப் போரில் கொடுத்தவர்கள். டீட்ரிக் இறந்ததை அவர்கள் உறுதியாய் அறிந்ததும் ஜூலை 27-ந் தேதிதான். லண்டனில் ஒரு தேவாலயத்தில் நடந்த நினைவு வழிபாடு வானொலியில் வந்தது. பகைவர் நாட்டில் தம் மகனுக்கு அஞ்சலி நடப்பதைக் கேட்டு, மகன் மாண்டதை அவர்கள் தெரிந்துகொண்டனர்.

நண்பனுக்காக உயிர்விட்ட பிசிராந்தையாரை நாம் போற்றுகிறோம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, முன்பின் காணாத நண்பர் பாண்டிநாட்டிலிருந்து வந்து உடனிருந்து மடிந்தார். தமிழ் மக்களுக்கு நட்பின் உச்சம் அது. பெத்கேக்கு அந்தக் கதவு திறக்கப்படவில்லை. அவருக்குக் கிடைத்தது ஐம்பத்தைந்து வருஷ காலம் உயிரோடிருக்கும் வேலை. எது கடினம் என்று நம்மைக் கேட்டால், இரண்டாவதே என்போம்.

ஏனெனில் மாண்டவரைத் தம் நாடே ஏற்றுக்கொள்ளவில்லை. சபையும் தயங்கிற்று. விசுவாசத்துக்காக மாண்ட குருமார் வேறு, அரசியலுக்காக மாண்டவர் வேறு. இவ்விரு திறத்தாரையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது என்று சொல்லி, பீலபெல்டு நகரத்துப் பாதிரிமார் ஒரு வீதிக்குப் போன்ஹோபர் பெயரை இடுவதை ஆட்சேபித்தனர். மதமும் அரசியலும் வெவ்வேறு அறைகள் என்னும் வாதத்தை நம் நாட்டிலும் கேட்டிருக்கிறோம். அடுத்தவன் அடிபடும்போது அவ்வாதம் மிகவும் சௌகரியமானது!

நியாயஸ்தலத்தின் செயல் இதனினும் கொடிது. பிளாஸன்பர்க்கில் ஏப்ரல் 8-ந் தேதி இரவு நடந்ததை விசாரணை என்று சொல்ல நம் நாக்குக் கூசுகிறது. வழக்கறிஞர் இல்லை. நீதிபதியாக இருந்தவன் எஸ். எஸ். படையின் தோர்பெக், குற்றம் சாட்டியவன் ஹுப்பன்கோதன், துணை நீதிபதி அந்த முகாமின் தலைவனே. தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவரான கார்ல் ஸாக் ஜெர்மானிய ராணுவத்தின் நீதி இலாகாவுக்கே தலைவராயிருந்தவர் என்றால், அங்கே சட்டம் எவ்வளவு மதிக்கப்பட்டது என்பதை நேயர்களே அளந்துகொள்ளலாம். போர் முடிந்து பதினோராண்டுக்குப் பின், 1956 ஜூன் 19-ந் தேதி, மேற்கு ஜெர்மனியின் உயர்ந்த நீதிமன்றம் தோர்பெக்கை விடுதலை செய்தது. அன்றிருந்த சட்டப்படி ஓர் அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு. அச்சட்டத்தைக் கொண்டு தீர்ப்பளித்தவனைக் குற்றவாளி என்பதற்கில்லை என்பது அதன் போக்கு. ஹுப்பன்கோதனுக்கு ஆறாண்டுத் தண்டனை கிடைத்தது உண்மை. எதற்காக? தூக்கிலிடுமுன் மேலதிகாரியின் உறுதிப்பாட்டைப் பெறவில்லை என்பதற்காக!

கோப்பு சரியாயிருந்தால் கொலையும் சரி என்பதே இதன் பொருள். 1908-ல் திலகரையும் வ. உ. சிதம்பரம் பிள்ளையையும் ராஜத்துரோகிகள் என்று தண்டித்த கோர்ட்டுகளிலும் கோப்புகள் ஒழுங்காகவே இருந்தன. இத்தீர்ப்பு வந்தபோது பெத்கே லண்டனில், தம் நண்பர் முன்பு ஊழியம் செய்த அதே ஜெர்மானியச் சபையில் பாதிரியாராயிருந்தார். பெர்லின் நீதிமன்றம் ஒன்று பிளாஸன்பர்க் தீர்ப்புக்கு உயிரில்லை என்று வெளிப்படையாக அறிவிக்க 1996 வரையிலும், நாஜிகளின் அநீதித் தீர்ப்புகளைப் பொதுச்சட்டத்தால் ஜெர்மானியப் பாராளுமன்றம் ரத்துச் செய்ய 1998 வரையிலும் அவர் காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு எண்பத்தெட்டு வயது கடந்துவிட்டது.

அவர் கையிலிருந்த ஆயுதம் பேனா ஒன்றே. நண்பர் முற்றுவிக்காமல் விட்டுச்சென்ற ஒழுக்கநூலை 1949-ல் தொகுத்து வெளியிட்டார். சிறைக் கடிதங்களை 1951-ல் வெளியிட்டார். அக்கடிதங்கள் எழுதப்பட்டது ஒரு நண்பருக்கு என்று மட்டும் அதில் கண்டது. நண்பர் யார் என்பதைச் சொல்லவில்லை. ஒரு நூற்றாண்டின் புகழ்பெற்ற கடிதங்களைப் பெற்றவர் தம் பெயரை முகப்பிலிருந்து நீக்கிக்கொண்டார். 1967-ல் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட ஜீவிய சரித்திரத்தை எழுதி முடித்தார். அப்பொழுது அவர் ரைன்லாந்துச் சபையின் குருமார் பயிற்சிக் கல்லூரியை ரெங்ஸ்டார்ப் என்ற ஊரில் நடத்திக்கொண்டிருந்தார். பகல் வேலைக்கு மேற்பட்ட உழைப்பு இது.

அதற்கு அவசியமும் இருந்தது. 1944 ஏப்ரல் 30 தேதியிட்ட கடிதத்தில் போன்ஹோபர், மதம் என்னும் மேலாடை இல்லாத கிறிஸ்தவம் ஒன்று இயலுமா என்று கேட்டிருந்தார். மனிதன் தன் அறிவு முட்டுகிற இடத்தில் மட்டும் கடவுளைக் கொண்டுவந்து ஓட்டை அடைப்பது பற்றியும் அவர் கசந்து எழுதியிருந்தார். 1960-க்குப் பின் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிலர் இச்சொற்களைப் பிடித்துக்கொண்டு கடவுளே இறந்தார் என்று பறைசாற்றலாயினர். வேறு சிலர் போன்ஹோபரை நாஸ்திகர் என்று தூற்றினர். இருசாராருக்கும் பெத்கேயின் விடை ஒன்றே: அம்மனிதரின் வாழ்க்கை முழுவதையும் படியுங்கள். அக்கடிதங்களை எழுதியவர் ஒவ்வொரு காலையும், மொரேவியச் சகோதரர் வெளியிடும் தினவசன நூலைத் திறந்து அந்நாளின் வேதவாக்கியத்தைத் தியானித்தவர். அதே வாக்கியத்தை அதே நாளில் இத்தாலியில் நண்பரும் வாசித்தார். சிறையில் விசுவாசத்தை இழந்தவர் செய்யும் காரியமா அது?

ஓய்வு பெற்ற பின் பான் நகரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பெத்கே குடியேறினார். அங்கேதான், நம் கருத்தில், அவருடைய சிந்தனை உச்சத்தை அடைந்தது. நண்பரைப் புகழ்வதோடு நில்லாமல், நண்பரிடம் தாமும் தம் சபையும் கேளாமல் விட்ட கேள்வியைக் கேட்கத் தொடங்கினார். யூதரை என்ன செய்தோம்?

போன்ஹோபரின் வேதாகமத்தில் 74-ம் சங்கீதத்தின் ஓரத்தில் 9.11.38 என்று தேதி குறிக்கப்பட்டிருக்கிறது. தேசத்தின் வழிபாட்டிடங்களெல்லாம் எரிக்கப்பட்டன என்று புலம்பும் சங்கீதம் அது. தேதியோ ஜெர்மனியெங்கும் யூதர் ஜெபாலயங்கள் எரிந்த இரவு. பிரசங்க மேடையில் சொல்லாததை வேதாகமத்தின் ஓரத்தில் எழுதியிருந்தார். பெத்கே இதனை எடுத்துக்காட்டினார். அதே மூச்சில், 1933-ல் யூதர் பொருட்டுச் சபை அரசை எதிர்க்க வேண்டியிருக்கும் என்று எழுதிய முதன்மையான கட்டுரையிலேயே, யூதர் கடவுளால் சபிக்கப்பட்டவர் என்னும் பழைய போதனையின் வாடை வீசுகிறது என்பதையும் ஒளிக்காமல் காட்டினார். தியாகியின் குறையைச் சொன்னால் தியாகம் குறைந்துவிடும் என்று அஞ்சும் நம் நாட்டுச் சரித்திரக்காரர்கள் இம்முதியவரிடம் பாடங் கேட்க வேண்டும்.

1980 ஜனவரியில் ரைன்லாந்துச் சபையின் பேரவை ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. யூதர் படுகொலையில் கிறிஸ்தவருக்கும் பொறுப்பும் குற்றமும் உண்டென்று அது ஒப்புக்கொண்டது; யூத ஜனங்களைக் கடவுள் கைவிட்டார் என்னும் போதனையைக் கைவிட்டது. அதற்காக உழைத்தவர்களில் பெத்கே ஒருவர். பான் சர்வகலாசாலையின் வேதசாஸ்திரப் பேராசிரியர் பலர் அதனை எதிர்த்தனர். ஒன்பது வருஷங்கழித்து வெளிவந்த தம் நினைவு நூலுக்கு அவர் இட்ட பெயரை நேயர்கள் இப்பொழுது மீண்டும் நோக்கலாம். எந்த யூதனையும் கண்டிராத ஊரில், எவர்மேலும் கல்லெறியாத நல்ல குடும்பத்தில் வளர்ந்த ஒருவர், தம் நாட்டின் பெருங்குற்றத்துக்கு எவ்வளவு தூரத்தில் நின்றார், எவ்வளவு அருகில் நின்றார் என்னும் கேள்வியே அது என்று நாம் கொள்கிறோம்.

போன்ஹோபரின் எழுத்துக்கள் அனைத்தையும் திரட்டும் பதிப்பு 1986-ல் தொடங்கி, பதினேழு பகுதிகளாக 1999-ல் முற்றுப்பெற்றது. பெத்கே அதன் பதிப்பாசிரியர்களில் ஒருவர். 1944 செப்டம்பர்க் கடிதங்கள் அதில் இல்லை. பதிப்பு முற்றுப்பெற்றதற்கு அடுத்த வருஷம் மார்ச்சு 18-ந் தேதி அவர் காலமானார்.